நீலகிரி விழாக்களில் கச்சேரிப் படங்கள்: எது கெட்டது என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துச் சரிசெய்ய

பூ, பனிமூட்டம், தேயிலைத் தோட்டம் என்று பகலில் எடுத்துப் பழகிய கையோடு மே மாதக் கோடை விழா மேடைக்கு முன்னாலோ, ஊர்த் திருவிழா இன்னிசைக் கச்சேரியிலோ போய் நிற்கிறோம். பகலில் அருமையாக எடுத்த அதே கேமரா இரவில் ஒரு படம்கூட உருப்படியாகத் தரமாட்டேன் என்கிறது. உடனே லென்ஸ் பத்தாது என்று முடிவுகட்டி, கோயம்புத்தூர்க் கடைகளில் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். கெட்டுப்போன படமே என்ன கெட்டது என்று சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், செலவு செய்ய வேண்டியது எதற்கு, செய்ய வேண்டாதது எதற்கு என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

நம் ஊர் மேடையில் இதற்கு மூன்று பொருள்கள் தயாராக இருக்கின்றன: பின்னால் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரின் எழுத்து, மைக் ஸ்டாண்டு, பாடுபவரின் முகம். ஒரு பாட்டு முடிந்ததும் கடைசிப் படத்தைத் திரையில் பெரிதாக்கி இந்த மூன்றையும் பாருங்கள். கீழே வருவதெல்லாம் அதிலிருந்துதான்.

படம் இழுபட்டுத் தெரிகிறது

மைக் ஸ்டாண்டை முதலில் பாருங்கள். அது அசையாது. பாடுபவர் நிற்கும் அதே தூரத்தில் அதுவும் நிற்கிறது. அதனால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மைக் ஸ்டாண்டும் பேனர் எழுத்தும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. லென்ஸின் குவியத் தூரம் (லென்ஸ்மேல் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்) எத்தனையோ, ஷட்டர் வேகம் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பழைய கணக்கு. புதிதாகத் தொடங்குபவர்கள் வைத்திருக்கும் பெரும்பாலான கேமராக்களில் சென்சார் சிறியது என்பதால், அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 200 மி.மீ.யில் எடுக்கிறீர்கள் என்றால் 1/320, அதாவது ஷட்டர் ஒரு நொடியில் 320இல் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கும். லென்ஸிலேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் இதைவிடக் குறைவாகவும் போகலாம். ஆனால் ஊட்டியில் இரவு ஒன்பது மணிக்கு விரல் விறைத்துப்போகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விரல் நுனி திறந்த கையுறை ஒன்று, சாய்ந்துகொள்ள ஒரு பந்தல் கால். இந்த இரண்டும் இருந்தாலே பாதிக் கோளாறு போய்விடும். கூட்டத்தில் முக்காலியை விரிக்காதீர்கள், யாராவது தடுக்கி விழுவார்கள்.

மைக் ஸ்டாண்டு கூர்மையாக இருந்து, பாடுபவரின் கையும் முகமும் மட்டும் கரைந்திருந்தால் அசைந்தது அவர். இதற்கு நடுக்கம் தடுக்கும் வசதி எந்த உதவியும் செய்யாது. ஷட்டர் வேகத்தை ஏற்றுவது ஒன்றுதான் வழி. நின்று பாடுபவருக்கு 1/160 போதும். கை வீசி நடந்து பாடுபவருக்கு 1/250. குதித்து ஆடும் குழுவுக்கு 1/400க்கு மேல். படுகர் விழாக்களில் வட்டமாக நின்று ஆடும் ஆட்டம் நிதானமான அடவு, அதற்கு 1/160இலேயே நல்ல படங்கள் வரும்.

வேகத்தை ஏற்றினால் படம் இருட்டாகிறதா? இங்கேதான் லென்ஸ் பேச்சு நியாயமாக வருகிறது. கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸை 55க்கு இழுத்தால், அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் 1/25 கேட்ட அதே மேடையில் இதில் 1/250 வைக்கலாம். லென்ஸ் வரிசையிலேயே விலை குறைந்தவற்றில் இதுவும் ஒன்று. பழையதாகவும் கிடைக்கும். இந்தப் பொழுதுபோக்கில் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். பெரிய ஜூம் லென்ஸெல்லாம் அப்புறம்.

அதை வாங்கும்வரை ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வருமே என்ற பயம் வேண்டாம். புள்ளியோடு கூர்மையாக இருக்கும் முகத்தை யாரும் குறை சொல்வதில்லை, கரைந்த முகத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் வெளிச்சம் ஏற்றினாலும் அந்தப் புள்ளிகள் எங்கேயும் போயிருக்காது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தாளக் கருவிக்காரர்களை முழுக்க உறைய வைத்துவிடாதீர்கள். தவில் வித்வானின் வலக்கை விரல்களில் மாட்டிய கூடும் இடக்கைக் கழியும் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நின்றுவிட்டால், வாசிப்பே நின்றுபோய்விடுகிறது. 1/100, 1/125இல் முகம் அசையாத நொடியைப் பிடியுங்கள். கழி கரையட்டும். அந்தப் படத்தில்தான் சத்தம் கேட்கும்.

இழுபடவில்லை, ஆனால் முகம் மங்கல்

பேனர் எழுத்து பளிச்சென்று இருந்து முகம் மங்கியிருந்தால், ஃபோகஸ் பின்னால் போய்விட்டது. கறுப்பு வெள்ளையாக எழுத்து அச்சடித்த பேனர் கேமராவுக்கு எளிதான இலக்கு. பல புள்ளி ஃபோகஸை விட்டுவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறி, அதைக் கண்மேல் வையுங்கள். புதிய கேமராக்களில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. பக்கவாட்டு முகத்திலும் மைக்குக்குப் பின்னாலும் அது சில நேரம் தவறவிடும். அப்போதும் ஒற்றைப் புள்ளிதான் கை கொடுக்கும்.

கேமரா ஃபோகஸ் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால், அங்கே ஒளி வேறுபாடு போதவில்லை என்று அர்த்தம். கன்னத்தில் பிடிக்காது. சட்டைக் காலர், கண்ணாடி ஃபிரேம், மைக்கின் விளிம்பு என்று அதே தூரத்தில் இருக்கும் ஒரு ஓரத்தில் பிடியுங்கள். இருட்டில் ஃபோகஸுக்கு உதவ கேமரா வீசும் சின்ன விளக்கை மெனுவில் அணைத்துவிடுங்கள். மேடையில் இருப்பவரின் கண்ணில்தான் அது அடிக்கும்.

நாதஸ்வரம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வித்வான் உங்கள் பக்கம் திரும்பி வாசிக்கிறார். மூன்று மீட்டர் தூரத்தில், 50 மி.மீ. லென்ஸில், எஃப் 1.8இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். கருவியோ அதைவிடப் பல மடங்கு நீளம். கேமரா தனக்கு அருகில் இருக்கும் அணசை (நாதஸ்வரத்தின் விரிந்த முன்வாய்) பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும். ஃபோகஸ் புள்ளியைச் சீவாளி (வாயில் வைத்து ஊதும் முனை) உதட்டைத் தொடும் இடத்தில் வைத்தால் கண்ணும் கன்னமும் கூடவே வந்துவிடும். எஃப் 2.8க்கு மூடினால் இன்னும் கொஞ்சம் ஆழம் கிடைக்கும். அல்லது பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். உலவு (கருவியின் நீண்ட குழல்) முழுவதும் ஒரே தூரத்துக்கு வந்துவிடும், மூச்சு நிறைந்த கன்னமும் தெரியும்.

முகம் வெளுத்துப்போகிறது

பின்னால் கறுப்புத் துணி அல்லது இருட்டு. கேமரா அத்தனை இருட்டையும் பார்த்து மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். அதில் விளக்கு விழும் முகம் எரிந்துபோகும். வெளிச்சத்தை ஈடுசெய்யும் (+/−) பட்டனில் −1 வையுங்கள். போதாவிட்டால் −1.7. மேடை வெளிச்சம் ஓரளவு நிலையாக இருந்தால் மேனுவலுக்கு மாறி, முகத்துக்குச் சரியாக இருப்பதை ஒருமுறை கண்டுபிடித்து அப்படியே விட்டுவிடுங்கள். எரிந்த இடம் கண் சிமிட்டும் எச்சரிக்கையைத் திரையில் போட்டு வையுங்கள். நெற்றி சிமிட்டினால் குறைக்க வேண்டும். பின்னால் எரியும் விளக்குகள் சிமிட்டினால் கவலை வேண்டாம்.

படத்தில் கோடு கோடாக வருகிறது

புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். கேமரா பழுது என்று சர்வீசுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. பழுது ஒன்றுமில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய டியூப் லைட்டும் அதன் இனத்து விளக்குகளும் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. மேடையில் இப்போது தொங்கும் எல்.இ.டி. பார் லைட்டுகளை மங்கலாக்கும்போது அவையும் வேகவேகமாக அணைந்து எரிந்துதான் மங்கலாகத் தெரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. வரிசை வரிசையாகப் படத்தைப் படிக்கும் கேமராவுக்குத் தெரியும்.

முதலில் சைலன்ட் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாருங்கள். பெரும்பாலான கோடுகள் இதிலேயே போய்விடும். மிச்சம் இருந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்கிப் பாருங்கள். ஆட்டம் பாட்டம் இல்லாத பாட்டுக்கு அது போதும். ஃபிளிக்கர் குறைக்கும் வசதி மெனுவில் இருந்தால் போடுங்கள், டியூப் லைட் இருக்கும் சமுதாயக் கூடங்களில் நன்றாக வேலை செய்யும். பின்னால் எல்.இ.டி. திரை ஓடும் மேடை என்றால் 1/50, 1/60, 1/100 என்று மாற்றி மாற்றி எடுத்து, எது சுத்தமாக வருகிறதோ அதில் நில்லுங்கள்.

இன்னொரு வழி, விளக்குகளையே கவனிப்பது. எல்.இ.டி. முழு வெளிச்சத்தில் எரியும்போது கோடு பெரும்பாலும் வராது, அல்லது மிகவும் குறையும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போதும் முடியும்போதும் லைட்மேன் எல்லாவற்றையும் ஏற்றுவார். அப்போது விடாமல் எடுங்கள். லைட்மேனிடம் முன்கூட்டியே பேசி வைப்பது இன்னும் நல்லது. "அண்ணா, நடுவுல ஒரு பாட்டுக்கு வெள்ளை லைட் கொஞ்சம் ஏத்தி வைப்பீங்களா? படம் எடுத்து உங்களுக்கும் அனுப்புறேன்" என்று கேட்டால் உள்ளூர் மேடைகளில் பொதுவாக மறுக்கமாட்டார்கள். அவர் வேலையை யாரும் படமெடுத்துக் கொடுப்பதே இல்லை.

லேசர் விளக்கு சுழலும் மேடையில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சார் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். அது உங்கள் பக்கம் திரும்பும்போது கேமராவைத் தாழ்த்திவிடுங்கள்.

முகம் முழுக்க ஒரே நீலம், அல்லது ஒரே சிவப்பு

சென்சாரில் நான்கில் ஒரு பங்கு புள்ளிகள்தான் சிவப்பைப் பார்க்கின்றன. நீலத்துக்கும் அதே கணக்கு, மிச்சப் பாதி பச்சைக்கு. ஒற்றை நிற எல்.இ.டி. விளக்கில் மற்ற புள்ளிகளுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்து, மூக்கும் கன்னமும் ஒரே கட்டியாகிவிடுகின்றன. ஃபோகஸ் சரியாக இருந்தும் மங்கலாகத் தெரியும். ரா ஃபைலாக (கேமரா திருத்தாமல் தரும் மூலப் பதிவு) எடுங்கள், வழக்கத்தைவிட இருட்டாக எடுங்கள், நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவின் வரைபடம்) பாருங்கள். அப்படியும் சரிவராத படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். மஞ்சளோ வெள்ளையோ வரும்வரை காத்திருப்பது இதைவிட நல்லது, வண்ண விளக்கு சுற்றிச் சுற்றித்தான் வரும்.

சாம்பல் மூட்டம், வெள்ளை உருண்டைகள், நடுவில் மங்கல்

சமவெளியில் எழுதிய எந்தக் கையேடும் இதைச் சரியாகச் சொல்வதில்லை. நம் மலையில் பொழுது சாய்ந்ததும் மேகம் மேடைக்குள்ளேயே வந்துவிடுகிறது. இதில் மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒன்றுபோலத் தெரியும். பிரித்துப் பார்க்க வேண்டும்.

படம் முழுக்க வெள்ளை உருண்டைகள் மிதந்தால் ஃபிளாஷ் எரிந்திருக்கிறது. காற்றில் நிற்கும் நீர்த்துளிகள் லென்ஸுக்கு அருகிலேயே அந்த வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. ஃபிளாஷை அணையுங்கள். பனி இல்லாவிட்டாலும் கச்சேரியில் ஃபிளாஷ் வேண்டாம். வாசிப்பவருக்குக் கண் கூசும், லைட்மேன் போட்ட நிறமும் செத்துவிடும்.

நடுப்பகுதி மட்டும் பால் படர்ந்த மாதிரி இருந்தால், முன்கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. கண்ணாடி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோனால் படியும். திறந்த வானத்தின் கீழ் நெடுநேரம் நின்றால் இது நடக்கும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் வளையமான ஹூட் இருந்தால் ஈரம் படிவது தாமதமாகும். எடுக்காத நேரத்தில் கேமராவை ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சிலும் ஈரம்தான் இருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு: வெளியே குளிரில் இருந்துவிட்டு, ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள்ளோ தேவாலயத்துக்குள்ளோ நுழைந்ததும் லென்ஸ் முழுக்க மூடிக்கொள்ளும். நுழையும் முன்பே கேமராவை ஜிப் வைத்த கவரில் போட்டு இறுக மூடிவிடுங்கள். ஈரம் கவரின் வெளிப்பக்கம் படியும். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும். கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சிகளுக்குச் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடி சுத்தமாக இருந்தும் படம் சாம்பலாக இருந்தால், உண்மையிலேயே மேகம் நடுவில் இருக்கிறது. புகை மெஷின் போட்ட மேடையிலும் இதே தோற்றம்தான். இதை எதிர்க்க முடியாது, பயன்படுத்திக்கொள்ளலாம். தூரத்திலிருந்து ஜூம் செய்யாமல் அருகில் போங்கள், நடுவில் இருக்கும் மேகம் குறையும். அப்புறம், விளக்கு பாடுபவருக்குப் பின்னால் வரும் இடத்தில் நில்லுங்கள். ஒளிக்கற்றைகள் தூண் தூணாக எழும்பி நிற்கும், ஆள் நிழலுருவமாகத் தெரிவார். கோடை விழாவுக்கு வரும் சமவெளிக்காரர்கள் புலம்பும் அந்த மூட்டம் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் மேடை அலங்காரம்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர். வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரி. லென்ஸில் பூஞ்சை பிடிக்க இந்த ஈரம் தாராளமாகப் போதும். கேமரா பையிலேயே போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், முடிந்தால் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் நல்லது. கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் சர்வீசுக்குக் கொடுங்கள்.

பேட்டரி பாதியிலேயே செத்துவிடுகிறது

குளிர்தான் காரணம். உறைபனிக் காலத்தில் தலைகுந்தா, காந்தல் பக்கம் இரவு விழா என்றால் முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரிகூட சீக்கிரம் சிவப்பு காட்டும். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். செத்ததாகக் காட்டியதையும் அங்கேயே வைத்துச் சூடேற்றினால், இன்னும் சில படங்களுக்கு உயிர் வரும்.

போனில் எடுக்கிறேன், பாடுபவர் பேய் மாதிரி வருகிறார்

நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. மலைக்கும் கட்டடத்துக்கும் சரி, ஆடுபவருக்குச் சரிவராது. அதை அணையுங்கள். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்து, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். விரலால் ஜூம் செய்வதற்குப் பதில் நாலடி முன்னால் போங்கள்.

மைக் முகத்தை மறைக்கிறது, எல்லாப் படமும் ஒரே படம்

நேர் முன்னால் நிற்பதால் வரும் வினை. பாடகர் எந்தக் கையில் மைக் பிடிக்கிறார் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக நகருங்கள். வரிகளுக்கு நடுவில் மைக் இறங்கும் நொடிக்குக் காத்திருங்கள். இரண்டாவது சரணத்தில் அது எப்போது வரும் என்று தெரிந்துவிடும். பாட்டைத் தெரிந்தவர் கேமராவைத் தெரிந்தவரைவிட நல்ல படம் எடுப்பார் என்பது என் உறுதியான எண்ணம். கீபோர்டுக்காரர், பேடு வாசிப்பவர், மைக்செட் அண்ணன், முன்வரிசையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் எல்லோரும் விழாதான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பதாக இருந்தால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

எடுக்க வேண்டாம் என்கிறார்கள்

கேமராவில் எந்தப் பட்டனும் இதைச் சரிசெய்யாது. கட்டணம் வாங்கும் இசை விழாக்களில் லென்ஸ் மாற்றும் கேமராவுக்கு அனுமதிச் சீட்டு கேட்பது வழக்கம். சீட்டு கிடைத்தாலும் பெரும்பாலும் முதல் மூன்று பாட்டுகள்தான், ஃபிளாஷ் கிடையாது. புதியவர்களுக்கு ஏற்ற இடம் அதுவல்ல. கோடை விழா மேடை, பள்ளி ஆண்டு விழா, தேவாலயப் பாடல் குழு, தேர்த்திருவிழாக் கச்சேரி, நையாண்டி மேளம் வரும் ஊர்வலம் என்று அனுமதி கேட்டாலே கிடைக்கும் இடங்களில் தொடங்குங்கள்.

மலைவாழ் மக்களின் விழாக்கள் வேறு. கோத்தகிரி பக்கம் பேரகணியில் நடக்கும் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி வரும் படுகர்களுக்கும், அய்யனோர் அம்மனோர் விழாவில் 'கொல்' என்ற ஊதுகுழலையும் தப்பட்டைப் பறையையும் தாங்களே வாசித்து ஆடும் கோத்தர்களுக்கும் அது வழிபாடு, நிகழ்ச்சி அல்ல. கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு போங்கள். ஊர்ப் பெரியவரைக் கண்டுபிடித்து, "ஐயா, படம் எடுக்கலாமுங்களா? எங்க நிக்கலாம், எது வரைக்கும் வரலாமுங்க?" என்று கேளுங்கள். அவர் காட்டிய எல்லைதான் எல்லை. வேண்டாம் என்றால் உட்கார்ந்து கேளுங்கள். கொல்லின் ஒலியைப் பக்கத்திலிருந்து கேட்கக் கிடைப்பதே பெரிது. முடிந்து திரும்பும்போது தேயிலைத் தோட்டக் குறுக்குப் பாதையில் தனியாக நடக்க வேண்டாம், இருட்டில் காட்டெருமையும் கரடியும் நடமாடும் வழி அது.

அனுப்பிய படம் தெளிவாக இல்லை என்கிறார்கள்

வாசித்தவர்களுக்குப் படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் அந்த வாரத்துக்குள்ளேயே அனுப்பிவிடுங்கள். ஆனால் வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், முழு அளவில் போகும். ரா ஃபைலை அப்படியே அனுப்பாதீர்கள், பலர் போனில் திறக்காது. ஜேபெக் ஆக்கி, ஆளுக்கு நாலைந்து நல்ல படம் பொறுக்கி அனுப்பினால் போதும். அடுத்த வருடம் மேடைக்குப் பக்கத்தில் நிற்க இடம் அவர்களே பிடித்து வைப்பார்கள்.